துணிக்குப் பின்னால் இருந்த அம்மா

ஏழு மாதக் குழந்தையாக இருந்த என்னைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது அம்மாவின் முகம் எப்படி இருந்தது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அம்மாவிடமே கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோன்றியபோது அம்மா இல்லை.

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவாக வரும் இந்த மலரின் இரண்டாம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. தயவுசெய்து ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். பூப்போட்ட துணியால் மூடிய கதிரையில் ஒரு குழந்தை இருக்கிறது. கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு. வாயை இறுக மூடிக்கொண்டு எதையோ முறைத்துப் பார்க்கிறது. அது நான். என் இடுப்பின் இடப்பக்கம் துணி கொஞ்சம் விலகியிருக்கிறது. அங்கே நான்கு விரல்கள் தெரியும். சின்ன விரல் மட்டும் உள்ளே வளைந்திருக்கும். அதுதான் அம்மா.

அம்மா எழுவைதீவில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர். தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடிந்ததும் ஊர்காவற்றுறைக்கு வள்ளத்தில் போய்ப் படித்தார். ஒரு நாள் காற்று கடுமையாக இருந்ததாம். துறையில் இறங்கும்போது புத்தகப் பையைத் தண்ணீரில் விழாமல் பிடிக்கப்போய், வள்ளத்துக்கும் துறைக்கல்லுக்கும் நடுவில் இடது கைச் சின்ன விரல் அகப்பட்டுவிட்டது. அதன் பிறகு அந்த விரல் நிமிரவே இல்லை. "பை நனையேல்லை" என்று மட்டும் வீட்டில் சொன்னாராம். இதை எனக்குச் சொன்னவர் அம்மாவின் தங்கையான என் சின்னம்மா. அம்மா தன்னைப் பற்றி எதையும் தானாகச் சொல்பவர் அல்ல.

திருமணமாகிப் புங்குடுதீவு மடத்துவெளிக்கு வந்த சில ஆண்டுகளில் போரால் ஊரே வெளிக்கிட வேண்டி வந்தது. கலியாண அல்பம், அம்மாவின் பள்ளிக்கூடப் படங்கள், அடையாள அட்டை எல்லாம் அந்த வீட்டோடும் அந்த ஓட்டத்தோடும் போய்விட்டன. அப்பா கொழும்பில் உறவினர் ஒருவரின் பலசரக்குக் கடைக்கு வேலைக்குப் போனார். போனவர் திரும்பி வரப் பாதை இருக்கவில்லை. நான் பிறந்தபோது அம்மா தென்மராட்சியில் வேறொருவரின் வீட்டு விறாந்தையில் இருந்தார். அப்பா என்னை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மூன்று வயது. அவரைக் கண்டு நான் "மாமா" என்று சொல்லி அழுதேனாம். அதை அப்பா இப்போதும் சொல்லிக் காட்டுவார்.

எப்போதாவது வந்து சேரும் ஒரு கடிதத்தில் அப்பா எழுதியிருந்தார்: நீரும் பிள்ளையும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று அனுப்பவும். அந்தக் காலத்தில் பிலிம் கிடைப்பதே அரிது. ஸ்ரூடியோக்காரர் ஒரே ஒரு படம்தான் எடுக்கலாம் என்றாராம். அம்மா கதிரைக்குப் பின்னால் குந்தியிருந்து, துணியால் தன்னை மூடச் சொல்லி, கையை மட்டும் நீட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். கொழும்புக்குப் போனது அந்தப் படம். ஊர் திரும்பிய பிறகு எடுத்த புதிய அடையாள அட்டையில் இருக்கும் அம்மாவுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அதற்கு முந்திய அம்மாவின் முகம் எங்கள் யாரிடமும் இல்லை.

ஊர் திரும்பியபின் அம்மா முன்பள்ளி ஆசிரியையாக இருபது ஆண்டுகள் வேலை செய்தார். இதை வாசிக்கும் பலருடைய பிள்ளைகள் அம்மாவிடம் "அ" எழுதியவர்கள். கலைவிழாப் படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. மயில், முயல், பாரதி வேடம், எல்லாப் பிள்ளைகளும் அவற்றில் உண்டு. அம்மா திரைக்குப் பின்னால் நின்று, பாட்டை மறந்த பிள்ளைக்கு வரி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒரு படத்திலும் இல்லை.

என் மகள் பிறந்தபோது அம்மா எங்கள் வீட்டிலேயே தங்கி, சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைத்து, காலை நீட்டி அதில் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டினார். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். குழந்தை தும்மினால் பயம், தும்மாவிட்டாலும் பயம். அம்மா ஒருநாளும் என்னைக் கடிந்ததில்லை. மகளுக்கு நான்காம் மாதம் நடக்கும்போது, ஒரு காலையில் குழந்தையைத் துடைத்து என் கையில் தந்துவிட்டு, நெஞ்சுக்குள் நோகிறது என்று உட்கார்ந்தார். அம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டும்போது நான் குழந்தையை அணைத்தபடி அழுதுகொண்டிருந்தேன். அம்மா கண்ணைத் திறந்து, "பிள்ளைக்கு வேர்க்குது, தொப்பியைக் கழட்டு" என்றார். எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். யாழ்ப்பாணத்தில் மூன்றாம் நாள் எங்களை விட்டுப் போனார்.

இனி நான் எழுதப்போவதை இப்படி ஒரு மலரில் எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். இரண்டாம் பக்கம் ஏன் இப்படி அமைந்தது என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

மகளின் முதலாவது பிறந்தநாள் நெருங்கியபோது, குழந்தைப் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் அசைய வைக்கும் வீடியோக்களை எல்லோரும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஆசை வந்தது. ஆனால் மகளின் படத்தை எங்கோ இருக்கும் ஒரு ஆப்புக்குள் போடப் பயமாக இருந்தது. என் படம்தானே, போனால் போகட்டும் என்று, அப்பாவின் அலுமாரியில் இருந்த அந்தப் பழைய படத்தைப் போனில் படம்பிடித்துப் போட்டேன். குழந்தை மெல்ல அசைந்து சிரிக்கட்டும் என்று எழுதிக்கொடுத்தேன். அவ்வளவுதான்.

எட்டு விநாடி வீடியோ வந்தது. முதலில் விரல்கள் மட்டும் அசைந்தன. என் இடுப்பில் மெல்ல இரண்டு தட்டு. பிறகு நான் வாயைத் திறந்து சிரித்தேன். அடுத்து நான் கேட்காத ஒன்று நடந்தது. துணி நழுவியது. பின்னாலிருந்து ஓர் இளம்பெண் எழுந்து, என் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தாள். விரித்த கூந்தல், வெள்ளைப் பற்கள், அழகான முகம். எனக்குத் தெரியாத முகம்.

நான் அதை அழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் போன் மகளின் கையில் போய், அவள் என் அப்பாவின் மடியில் ஏறியிருந்தாள். வீடியோ திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஆர் இது?" என்றார்.

"அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? அவருக்கு அப்போதுதான் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அம்மா போன பிறகு அவர் ஒன்றையும் ஆர்வத்தோடு பார்த்து நான் காணவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த சொல்லைத் திரும்ப எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன் பிறகு பின்னேரத் தேத்தண்ணி குடித்ததும் அப்பா கேட்பார், "அந்தப் படத்தை ஒருக்காப் போடு பிள்ளை." போடுவேன். பாதி ஓடுமுன் "காணும், நிப்பாட்டு. திருப்பிப் போடு" என்பார். மறுபடி பாதி. மறுபடி "திருப்பிப் போடு." அம்மாவின் முகத்தை முழுவதும் பார்க்க அவருக்கு மனம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். யாரோ ஒரு பெண்ணைத் தன் மனைவி என்று நம்பி ஒரு மனிதர் தினமும் பார்க்கிறார், நம்ப வைத்தவள் நான். மூன்று மாதம் இந்த நினைப்போடுதான் சமைத்தேன், குழந்தையைத் தூங்க வைத்தேன்.

கனடாவில் இருக்கும் தம்பிக்கும் அந்த வீடியோவை அனுப்பியிருந்தேன். அவன் பார்த்துவிட்டு அழுதிருக்கிறான். இந்த மலர் வேலை தொடங்கியதும் அதிலிருந்து அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, எனக்குச் சொல்லாமலே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டான். அச்சகத்திலிருந்து பார்வைக்கு வந்த இரண்டாம் பக்கத்தில், பக்கம் நிறைய அந்த முகம். கீழே "இளமையில் அம்மா" என்று எழுதியிருந்தது.

தம்பிக்கு உடனே போன் எடுத்தேன்.

"தம்பி, இது அம்மா இல்லையடா."

"அக்கா, அந்த மூக்கைப் பாருங்கோ. அம்மாதான்."

"அது என்ரை மூக்கு. குழந்தையின்ரை முகத்தைப் பாத்து அது தன்ரை பாட்டுக்கு ஒரு ஆளைச் செய்திருக்கு."

"உங்கடை மூக்கு ஆற்றை மூக்கு? அம்மான்ரைதானே?"

"மூக்கை வைச்சு ஆளைத் தீர்மானிக்க ஏலாது."

"நீங்கள் சின்னனிலையிருந்து இப்பிடித்தான். சோதினைக்குப் போக முந்திப் பேனையை மூண்டு தரம் எழுதிப் பாக்கிற ஆள்." சிரித்தான். பிறகு குரல் மாறியது. "அக்கா, நீங்கள் அம்மாவை இளமையிலை பாத்தனீங்கள். ஞாபகம் இல்லாட்டிலும் பாத்தனீங்கள். நான் பிறக்கேக்கையே அம்மாவுக்கு நரை வந்திட்டுது. எனக்கும் ஒரு முகம் வேணும்."

அவன் கேட்டது பிழையென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த மலர் முந்நூறு வீடுகளுக்குப் போகும். அம்மாவின் இளமையை அறிந்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள். என் மகள் வளர்ந்து இந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, அச்சில் இருப்பதுதான் அவளுக்கு அம்மம்மா. அம்மாவே அங்கிருந்து இல்லாமல் போய்விடுவார்.

என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "அச்சகம் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கும். நீர் போய் மாமாவிட்டைச் சொல்லும். அவருக்குத் தெரியாமல் ஒண்டும் வேண்டாம்."

மறுநாள் காலை அப்பா குசினி வாசலில் சுளகை வைத்துக்கொண்டு முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு சமையல் பழகியிருக்கிறார்.

"அப்பா, நான் உங்களுக்கு ஒரு பொய் சொல்லிப்போட்டன்."

"என்ன, நேற்றைய கறி நல்லாயிருந்தது எண்டதோ?"

"பகிடி வேண்டாம் அப்பா. அந்த வீடியோவிலை வாறது அம்மா இல்லை. போன் தானாச் செய்த முகம்."

அவர் இலை உருவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே தெரியும். ஒப்பரேசன் கண்ணுக்குத்தானே பிள்ளை செய்தது, மூளைக்கு இல்லையே? உன்ரை அம்மா ஒருநாளாவது தலையை விரிச்சுப்போட்டு நிண்டவவே? மற்றது, அந்த மனுசி எழும்பி வரேக்கை கையைப் பார். சின்ன விரல் நேராய் நிக்குது. அந்த விரலோடை முப்பது வருசத்துக்கு மேலை சீவிச்சனான். எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் அப்பா ஒவ்வொரு நாளும் போடச் சொன்னீங்கள்?"

"முன்னுக்கு அந்த விரல் தட்டுதெல்லே. அதுக்காக." ஒரு ஈர்க்கைத் தனியே எடுத்துப் போட்டார். "கொழும்பிலை மூண்டு வருசம் அந்தப் படத்தைப் பாத்தனான். படத்திலை இருந்த பிள்ளை ஆரெண்டே எனக்குத் தெரியாது. தெரிஞ்சது அந்த விரல்தான். அது ஒருநாளும் அசைஞ்சதில்லை. இப்ப தட்டுது. அந்த மனுசி எழும்ப முந்தி நிப்பாட்டச் சொல்லுவன். நீதான் சில நேரம் சுணங்கிப் போடுவாய்."

"அந்தத் தட்டுறதும் பொய்தானே அப்பா?"

"இருக்கும். ஆனால் உன்னைத் தட்டினவதானே? நான்தான் காணேல்லை."

பிறகு இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். அப்பா பார்த்தார். முகம் இறுகியது.

"சேர்ந்து நிக்கிற படம் அனுப்பச் சொல்லி நான் எழுதினனான். பிள்ளையை மட்டும் அனுப்பினா. எனக்குச் சரியான கோவம். பிறகு ஒரு கடிதத்திலை எழுதினா, 'நான் நல்லா மெலிஞ்சு போனன். நீங்கள் பாத்தால் அங்கை நிம்மதியா வேலை செய்ய மாட்டியள்' எண்டு. எனக்காக ஒளிச்சு நிண்டவ. அவ காட்டாத முகத்துக்குப் பதிலா வேறை ஒரு முகத்தை ஊருக்குக் காட்டாதேங்கோ. தம்பியிட்டை நான் சொன்னன் எண்டு சொல்லு. வேண்டாம், போனைத் தா, நானே சொல்லுறன்."

அப்பாவே பேசினார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று முழுவதும் தெரியாது. அப்பா அந்த விரலைப் பற்றியும் வள்ளத்தைப் பற்றியும் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, அந்தப் பக்கத்திலை பழைய படத்தையே போடுவம். அப்பிடியே, ஒண்டும் திருத்தாமல். கீழை 'அம்மாவும் மகளும்' எண்டு போடச் சொல்லுங்கோ."

குழந்தை மட்டும் தெரியும் படத்துக்குக் கீழே அப்படிப் போட்டால் வாசிப்பவர்கள் குழம்ப மாட்டார்களா என்று வழக்கம்போல நான் கேட்டேன். "தேடிப் பாக்கட்டும்" என்று பதில் அனுப்பினான். அதுதான் நீங்கள் இப்போது பார்க்கும் இரண்டாம் பக்கம்.

அன்று இரவே என் போனில் இருக்கும் மகளின் படங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தவழ்ந்தது, முதல் பல், முதல் சோறு. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதிலை உம்மை ஒரு இடத்திலையும் காணேல்லையே" என்றார். உண்மைதான். எல்லாவற்றையும் எடுத்தவள் நான். எனக்குத் தலை சீவ நேரமில்லை, முகம் வீங்கிக் கிடக்கிறது, பிறகு எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அடுத்த நாள் குறிகட்டுவான் துறையில், காற்றில் தலை கலைந்து, தோளில் பால்கறையோடு, மகளைத் தூக்கியபடி ஒரு படம் எடுத்தோம். நன்றாக இல்லை. அழிக்கவில்லை. இப்போது வாரத்துக்கு ஒன்று எடுக்கிறோம். மகளுக்குச் சொல்லிக் கொடுக்காமலே, படம் எடுக்கும்போதெல்லாம் என் இடுப்பில் தட்டுகிறாள். யாரிடமிருந்து பழகினாள் என்று தெரியாது. என் அப்பாவின் மடியில் இருந்து அந்த வீடியோவைப் பார்த்ததுதான் காரணம் என்கிறார் கணவர். இருக்கட்டும்.

அம்மாவுக்கு நெஞ்சு நோவு வந்த காலை ஓடிவந்து அம்புலன்ஸுக்கு அழைத்த பக்கத்து வீட்டாருக்கும், மூன்று நாளும் அருகில் நின்ற வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், இறுதிக் கிரியைகள் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பெரிக்க விடாமல் மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்த மடத்துவெளி உறவுகளுக்கும், எழுவைதீவிலிருந்து கடல் கொந்தளிப்பிலும் வள்ளமேறி வந்த அம்மாவின் சகோதரர்களுக்கும், தங்கள் பிள்ளைகளோடு வந்து நின்ற முன்பள்ளிப் பெற்றோருக்கும் நாங்கள் நன்றி சொல்லி முடிக்க முடியாது. சின்னம்மா சொல்லியிராவிட்டால் அம்மாவின் இளமைக் காலம் எங்களுக்கு ஒரு வரியும் தெரிந்திராது. கடைசி மணித்தியாலத்தில் ஒரு பக்கத்தை முழுவதுமாக மாற்றிக் கேட்டபோது முகம் சுளிக்காமல், இதை நான் எழுதி முடிக்க மேலும் சில வாரங்கள் பொறுத்திருந்த அச்சகத்தாருக்கும் நன்றி.

கடைசியாக உங்களிடம் இரண்டு விடயங்கள் கேட்க வேண்டும்.

அம்மாவோடு ஊர்காவற்றுறையில் படித்தவர்கள், அவரது கலியாணத்துக்கு வந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். பழைய அல்பத்தில் எங்காவது ஒரு மூலையில், பின்வரிசையில், பாதி முகமாக என்றாலும் அம்மா இருந்தால் அனுப்பி வையுங்கள். தம்பி காத்திருக்கிறான். நானும்தான்.

மற்றது, அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கப் போனால் விரல் தட்டும் இடத்தில் கை நின்றுவிடுகிறது. அந்தப் பெண் எழும்பும் பகுதியை வெட்டிவிட்டு முதல் இரண்டு விநாடியை மட்டும் வைத்திருக்கலாம் என்கிறார் கணவர். அதுவும் நடக்காத ஒன்றுதானே என்று எனக்குப் படுகிறது. அப்பா இன்னும் பின்னேரங்களில் கேட்கிறார். மகள் இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பேசத் தொடங்கியிருக்கிறாள். ஒருநாள் அப்பாவின் மடியிலிருந்து நிமிர்ந்து, "இது ஆர்?" என்று என்னைக் கேட்கத்தான் போகிறாள். நான் என்ன சொல்ல வேண்டும்? பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். போனமுறை இதே கேள்விக்கு நான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன்.